பன்னிரண்டே பன்னிரண்டு

அச்சங்குளம் சாத்தூர் பக்கத்தில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அங்கே ஒரு பட்டாசு ஆலை வெடித்து, 20 பேருக்குக் குறையாமல் செத்துப்போனார்கள். அப்போது நான் பார்த்த பத்திரிகைப் படங்களில் புகை, இடிந்த சுவர், கூட்டம், தலையிலடித்து அழும் பெண். தலைப்பை மறைத்தால் எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்ல முடியாது.

1984 போபால் நினைவிருக்கிறதா? மண்ணில் புதைபடும் ஒரு குழந்தையின் முகம். ரகு ராய் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்தார். ஃபிலிம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ரோலில் 36 படம்தான் என்றால் விரலுக்கு முன்னால் கண் வேலை செய்யும். இன்றைய கேமரா விநாடிக்குப் பத்து எடுக்கிறது. பார்க்க ஏது நேரம்?

போன மாதம் அச்சங்குளம் போனபோது, வீட்டில் கிடந்த ஆக்ஃபா கிளிக் த்ரீயை எடுத்துப்போனேன். ரோலுக்கு 12 படம். காமர்ஸ் படித்த புத்தி, ஃபிலிம் விலையையும் கழுவும் கூலியையும் கூட்டி 12-ஆல் வகுத்தது. விரல் தானாக நின்றுவிட்டது! மூன்று மணி நேரத்தில் நாலே படம். அதற்குள் பார்த்ததோ எத்தனையோ. வேலைவிட்டு வருகிறவர்களின் முழங்கைவரை அலுமினியப் பவுடர், வெள்ளி பூசின மாதிரி. இதை எந்தப் படத்திலும் நான் கவனித்ததில்லை.

பழைய கேமரா இப்போது ஃபேஷன். மொபைலிலேயே ஃபில்டர் போட்டு கீறலும் மங்கலும் வரவழைத்துக்கொள்ளலாம். 2010-ல் இன்ஸ்டாகிராம் வந்தபோதே வந்த வித்தை அது. அதில் பழசின் மேக்கப் கிடைக்கும், கஞ்சத்தனம் கிடைக்காது. உருப்படியானது அந்தக் கஞ்சத்தனம்தான்.

திண்ணையில் இருந்த ஒரு பெரியம்மாவை, கேட்டுவிட்டு எடுத்தேன்.

''காட்டுய்யா, பாப்போம்.''

''இது பழசு பெரியம்மா. கழுவினாத்தான் தெரியும்.''

''அன்னைக்கும் நெறையப் பேரு வந்து எடுத்தாங்க. ஒருத்தரும் திரும்பி வரலய்யா.''

டிஜிட்டலாக இருந்தால் அங்கேயே திரையில் காட்டிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். கணக்கு முடிந்திருக்கும். இப்போது பாக்கி நிற்கிறது.

ரோலைக் கழுவியாச்சு. 12-ல் தேறியது மூன்று. ஒன்று அந்தப் பெரியம்மா. பிரிண்ட் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் பஸ் பிடிக்கணும்.