இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்: கதைத் தருக்கமும் மின்தூக்கிக் கொலையும்

ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் இயக்கி 2002-இல் வெளிவந்த ஆங்காங் திரைப்படம் இன்ஃபெர்னல் அஃபேர்ஸ். குற்றக் கும்பலுக்குள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஒளிந்து வாழும் காவலர் சான் (டோனி லியுங்). காவல்துறைக்குள் அதிகாரியாக உயர்ந்துவிட்ட கும்பலின் ஆள் லாவ் (ஆண்டி லாவ்). ஒருவரையொருவர் தேடும் இவர்களின் கதையில் நிகழும் சாவுகள் தருக்கத்துக்கு ஒத்து வருகின்றனவா என்பது பலராலும் பேசப்படுவது.

கண்காணிப்பாளர் வோங், துறைக்குள் ஓர் உளவாளி இருப்பதை அறிந்தும் மொட்டைமாடியில் சானைச் சந்திக்கிறார். லாவ் அவரைப் பின்தொடரச் செய்கிறான், கும்பல் வந்துவிடுகிறது. அனுபவசாலி ஒருவர் செய்யும் பிழையா இது? சான் யார் என்று அறிந்தவர்களில் உயிரோடு இருப்பவர் வோங் மட்டுமே. வேறு யாரையும் நம்பித் தூது விட முடியாத நிலையில் நேரில் சந்திப்பதே அவருக்கு இருந்த வழி. ஆகவே இதை ஓட்டை எனக் கொள்வது சரியன்று. வாடகைக்கார் மீது சானின் கண்முன் விழும் அவருடைய உடல், சானின் அடையாளமும் அழியத் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது.

லாவின் மேசையில் தன் கையெழுத்துள்ள உறையைக் கண்டதும் சான் நழுவுவதும் நியாயமே. குற்றப் பதிவுள்ள ஒருவன் சொல்வதை அந்தக் கட்டடத்தில் யார் நம்புவார்? உளவாளியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பே லாவிடம்தான் தரப்பட்டிருக்கிறது!

உண்மையான பலவீனம் வேறிடத்தில் உள்ளது. லாவைக் காட்டிக்கொடுக்கும் ஒலிப்பதிவைச் சான் அவனுடைய துணைவி மேரிக்கு அனுப்புகிறான். அதைக் கேட்டவள் வெளியே சொல்லாதிருப்பது ஏன் என்பதைப் படம் விளக்குவதில்லை.

அதிகம் குறைகூறப்படுவது மின்தூக்கிக் காட்சி. மின்தூக்கிக்குள் பின்வாங்கும்போது சான் சுடப்படுகிறான். சுட்ட காவலரும் கும்பலின் ஆள்தான் எனத் தெரிகிறது. கதாசிரியர்கள் வசதிக்காகப் புகுத்திய திருப்பம் என்பர் சிலர். ஆனால் கும்பல் தலைவன் சாம், ஒருவனை அல்ல, பல இளைஞர்களைக் காவல்துறைக்கு அனுப்புவதைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. பார்வையாளர் அதை மறந்திருப்பதுதான் அதிர்ச்சிக்குக் காரணம். அந்த ஆளையும் லாவ் சுட்டுக் கொல்வது இன்னும் இறுக்கமான தருக்கம்: சாட்சியும் அழிகிறான், உளவாளிப் பழியைச் சுமக்க ஒரு பிணமும் கிடைக்கிறது.

சீனப் பெருநிலத்துக்கென எடுக்கப்பட்ட மாற்று முடிவில் லாவ் கைதாகிறான். மார்ட்டின் ஸ்கோர்செசியின் தழுவலான தி டிபார்ட்டட் (2006) படத்தில் லாவுக்கு இணையான பாத்திரம் சுட்டுக் கொல்லப்படுகிறது. இரண்டும் கணக்கைத் தீர்க்கின்றன. படத்தைக் குறைக்கவும் செய்கின்றன. சீன மூலத் தலைப்பு, பௌத்தம் கூறும் இடைவிடாத துன்பமுடைய அவீசி நரகத்தைக் குறிப்பது. அதன்படி தண்டனை பெறுபவன் இறந்த சான் அல்லன். அவனுடைய கல்லறை முன் சீருடையில் வணக்கம் செலுத்தி நிற்கும் லாவ்.