பெயரை மாற்றினால் போதுமா?

நாளிதழ் ஒன்றில் நிருபராக இருந்த காலத்தில், குடும்ப வன்முறை பற்றிய கட்டுரைக்காக ஒரு பெண்ணைச் சந்தித்தேன். நானும் பெண் என்பதால்தான் அவர் என்னை வீட்டுக்குள் விட்டார். கட்டுரையில் அவர் பெயரை மாற்றியிருந்தேன். ஆனாலும் அவர் தெருவே அவரை அடையாளம் கண்டுகொண்டது. அடுத்த முறை போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பேர மாத்திட்டா ஆளு மாறிருமாம்மா?"

ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச்சை நான் வாசிப்பது இந்தக் கேள்வியோடுதான். 2015இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற இவர் பத்திரிகையாளராகத் தொடங்கியவர். தாய் உக்ரைனியர், தந்தை பெலாரூஸைச் சேர்ந்தவர், எழுதும் மொழி ரஷ்ய மொழி. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் பங்கேற்ற பெண்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். அவர்களில் பல நூறு பேரைத் தேடிச் சென்று, கேட்டு, பதிவுசெய்து அவர் எழுதிய நூல் 1985இல் வெளிவந்தது. 'போருக்குப் பெண்முகம் இல்லை' என்பது அதன் ரஷ்யத் தலைப்பின் பொருள்.

அந்நூலில் இரண்டு இடங்களை என்னால் எளிதில் கடக்க முடிவதில்லை. ஒரு வீட்டில் கணவரும் மனைவியும் போருக்குப் போய் வந்தவர்கள். நேர்காணலுக்கு முந்தைய இரவு முழுக்க, மனைவி என்ன பேச வேண்டும் என்று கணவர் பாடம் நடத்தியிருக்கிறார். தேதிகளும் படைநகர்வுகளும் போதும், அழுகையும் பெண்களின் அற்ப விஷயங்களும் வேண்டாம் என்பது அவர் கட்டளை. பெண்ணின் நினைவுகூட அவளுக்குச் சொந்தமாக இல்லாத நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இரண்டாவது இடம் என்னைக் கலங்கடிக்கிறது. மனம்விட்டுப் பேசிய ஒரு பெண், எழுதி அனுப்பிய பிரதியில் பல பகுதிகளை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார். மகன் கண்ணில் தான் வீராங்கனை, அந்தப் பிம்பம் உடையக் கூடாது என்ற அச்சம் அவருக்கு. அலெக்ஸியேவிச் அதை மறைக்கவில்லை. அடிக்கப்பட்டவற்றில் என்னென்ன இருந்தன என்பதையும் நமக்குச் சொல்லிவிடுகிறார். வரலாற்றுக்கு அது தேவை என்று எனக்குள் இருக்கும் வாசகி சொல்கிறாள். அந்தப் பெண் 'வேண்டாம்' என்றாளே என்று என் பழைய குற்றவுணர்வு கேட்கிறது.

ஆப்கானிஸ்தான் போரிலிருந்து துத்தநாகப் பெட்டிகளில் திரும்பிய சோவியத் சிப்பாய்களைப் பற்றி அவர் எழுதியபோது இந்தச் சிக்கல் நீதிமன்றம்வரை போனது. 1992இல் மின்ஸ்க் நகரில் அவர்மீது வழக்குத் தொடுத்தவர்களில், அவரிடம் அழுது பேசிய தாயும் உண்டு. தன் சொற்கள் திரிக்கப்பட்டன என்பது அந்தத் தாயின் புகார். அவர்களை அரசும் ராணுவமும் தூண்டிவிட்டதாகச் சொல்லி நாம் எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால் தாயின் துயரம் யாரும் தூண்டி வந்ததல்ல. பதிப்புக்குப் பதிப்பு அவர் நூல்களில் வாக்குமூலங்களின் சொற்கள் மாறியிருப்பதை ஆய்வாளர்களும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பிறர் குரல் என்று முன்வைக்கும்போது, திருத்தும் கை யாருடையது என்று கேட்க வாசகிக்கு உரிமை உண்டு.

ஆனாலும் அவர் செய்த இரண்டு காரியங்களை நான் மதிக்கிறேன். பெண் போராளிகளைப் பற்றிய நூலின் பிந்தைய பதிப்பில், தணிக்கையாளர் வெட்டியவற்றோடு தானே வெட்டியவற்றையும் சேர்த்தார். ஆப்கான் நூலில் தனக்கெதிரான வழக்கின் ஆவணங்களையும் சேர்த்தார். அதிகாரத்தை எதிர்க்கும் துணிச்சலை நாம் அறிவோம். 2020இல் பெலாரூஸ் ஆட்சியை எதிர்த்து, நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தவர் அவர். எனக்கு அதைவிட அரிதாகப்படுவது, தன்னைக் குற்றம்சாட்டும் குரலுக்குத் தன் புத்தகத்திலேயே இடம் கொடுப்பது.

இது எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. அடித்து அனுப்பிய பெண்ணின் விருப்பம் மீறப்பட்டது மீறப்பட்டதுதான். பிறர் வலியை உணர்வதாலேயே அதை எழுதும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. எழுதிய பிறகும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், கேட்கிற கேள்விக்கு முன்னால் நிற்பதும் எழுத்தின் பகுதிதான். என்னிடம் கேட்ட பெண்ணுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டதையாவது இங்கே எழுதிவைக்கிறேன்.