மலிவு விலை மெக்கானிக்கல் விசைப்பலகையும் தமிழ்த் தட்டச்சும்

மெக்கானிக்கல் விசைப்பலகை என்பது ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனிச் சுருள்வில்லும் தண்டும் கொண்ட சுவிட்ச் பொருத்தப்பட்ட கணினி விசைப்பலகை ஆகும். சாதாரண விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். பெரும்பாலும் விசை அடிவரை அமுங்கினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கல் வகையில் ஏறத்தாழப் பாதி வழியிலேயே எழுத்து பதிவாகிவிடும். இவற்றுள் சுவிட்சையும் விசைமூடியையும் பயனரே தேர்ந்து மாற்றிக்கொள்ளத் தக்கவை 'கஸ்டம்' விசைப்பலகைகள் எனப்படுகின்றன. முன்பு பல்லாயிரம் ரூபாய் செலவழிக்கக்கூடிய ஆர்வலர்களுக்கே உரியதாக இருந்த இவ்வகை, இப்போது 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது.

தருமபுரி, அரூர், பாலக்கோடு போன்ற ஊர்களில் இருப்போர் பெரும்பாலும் இதைத் தொட்டுப் பார்க்காமலேயே இணையத்தில் வாங்க வேண்டியிருக்கிறது. அவர்கள் நம்பும் காணொளி மதிப்புரைகள் பெரும்பாலும் ஆங்கிலத் தட்டச்சையும் கணினி விளையாட்டையும் மனத்தில் கொண்டு சொல்லப்படுபவை. தமிழில் நிறைய எழுதுபவருக்கு அந்த அளவுகோல் பொருந்துவதில்லை.

பில் மேசையில் இருந்த முன்னோடி

இந்தியாவில் மெக்கானிக்கல் விசைப்பலகை புதிதன்று. சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 'டிவிஎஸ் கோல்டு' நெடுங்காலமாக மளிகைக் கடை, மருந்துக் கடை, அலுவலகங்களின் பில் மேசைகளில் பயன்பட்டு வருகிறது. பில் போடும்போது கேட்கும் 'டிக் டிக்' ஒலிதான் அதன் அடையாளம். அதில் நெடுங்காலம் இடம்பெற்றது ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல வகை சுவிட்ச். இதை அழுத்த ஏறத்தாழ 60 கிராம் விசை தேவை. எழுத்து பதிவாகும் இடத்தில் விரலுக்கு ஒரு தடையும் காதுக்கு ஓர் ஒலியும் கிடைக்கும். தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு இந்த உணர்வு உடனே பிடித்துப்போகும்.

உழைப்புக்கு அதை மிஞ்சுவது கடினம். எண் பலகை முழுமையாக இருப்பதால் கணக்கு வேலைக்கும் ஏற்றது. ஆனால் சுவிட்சுகள் பற்றவைக்கப்பட்டவை; ஒன்று பழுதானால் பற்றுக்கோல் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் அந்த ஒலியோடு எழுதுவதும் நடக்காத காரியம்.

செர்ரி சுவிட்சின் அடிப்படைக் காப்புரிமை 2014 வாக்கில் முடிந்தபின் கேட்டரான், கைல், அவுட்டெமு முதலிய சீன நிறுவனங்கள் அதே வடிவில் குறைந்த விலைக்குச் சுவிட்சுகளைக் கொண்டுவந்தன. பற்றவைக்காமல் கையாலேயே பிடுங்கிச் செருகும் 'ஹாட் ஸ்வாப்' பலகைகள் பரவலானது அதற்குப் பின்னர்தான்.

சுண்டுவிரல் கணக்கு

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் அமைந்துள்ளன. விசைத் தட்டல்கள் இதில் குறைவு. 'வந்த' என்பதற்கு வ, ந, த என மூன்றே தட்டல்; புள்ளி தானே விழும். ஒலிபெயர்ப்பு முறையில் அதே சொல்லுக்கு ஆறு தட்டல் வரை ஆகும்.

ஆனால் இச்சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. ஆங்கிலத்தில் அரிதாகத் தொடப்படும் நிறுத்தக்குறி விசைகளில் தமிழின் முக்கிய எழுத்துகள் சில அமர்ந்திருக்கின்றன. அரைப்புள்ளி விசையில் ந, அதற்கு வலப்பக்கம் ய, மேல் வரிசையின் சதுர அடைப்பு விசைகளில் ச, ஞ, அவற்றை ஒட்டி ண, கீழே சாய்கோட்டில் ழ. ஆறும் வலக்கைச் சுண்டுவிரலின் பொறுப்பு. 'செய்ய' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம்: ச, எ, ய, ய என நான்கு தட்டல், அவற்றில் மூன்று சுண்டுவிரலுக்கு. 'நியாயம்' என்பதில் ஏழுக்கு மூன்று. பின்நீக்கும் விசை, என்டர், வலது ஷிப்ட் ஆகியவையும் அதே விரலின் தலையில்தான்.

சுண்டுவிரலின் பலவீனம் தட்டச்சுப் பயிலகங்கள் நன்கறிந்த செய்தி. பொறியில் அடித்த தாளில் எந்த எழுத்து மங்கலாக விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே விரல் தெரிந்துவிடும். கணினியில் எழுத்து மங்காது; விரல்தான் வலிக்கும்.

மலிவு விலைக் கஸ்டம் பலகையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. எல்லா விசைகளுக்கும் ஒரே சுவிட்ச் என்ற கட்டாயம் இல்லை. மற்ற விரல்களுக்குத் தடையுணர்வு தரும் பழுப்பு வகையை வைத்துக்கொண்டு, அந்த ஆறு விசைகளில் மட்டும் 45 கிராம் அளவில் அமுங்கும் சிவப்பு வகையைச் செருகலாம். சுவிட்சுகள் பெரும்பாலும் பத்துப் பத்தாக விற்கப்படுவதால் ஒரு பொட்டலம் போதும்.

ஒரு விலக்கு: ந விசை சுண்டுவிரல் ஓய்வெடுக்கும் இடம். அங்கே மிக மென்மையான சுவிட்சை வைத்தால் விரல் சும்மா இருக்கும்போதே 'ந' விழுந்துகொண்டிருக்கும். அந்த ஒரு விசையில் பழுப்பையே விட்டுவிடுவது நல்லது. இத்தகைய கலப்பு அமைப்பு தொடக்கத்தில் சீரற்றதாகத் தோன்றும். விரல்கள் பழகச் சில நாள் ஆகும்.

எதற்குப் பணம் கொடுக்கலாம்

விளம்பரங்களில் முதலிடம் பெறுவது வண்ண விளக்கு. தட்டச்சாளர் விசையைப் பார்ப்பதில்லை என்பதால் அது வீண். ஒரு விநாடிக்கு இத்தனை ஆயிரம் முறை கணினியோடு பேசும் என்ற பெருமையும் எழுதுபவருக்குத் தேவையற்றது. மாறாக, உள்ளே ஒலியடக்கும் நுரைப்பஞ்சு உண்டா, விசைமூடி பிபிடி பிளாஸ்டிக்கா என்று பார்க்கலாம்; ஏபிஎஸ் மூடிகள் சில மாதங்களிலேயே எண்ணெய் பூசியதுபோல் மினுங்கத் தொடங்கும். மலிவுப் பலகைகளில் இடைவெளிப்பட்டை கடகடப்பது பொதுவான குறை. அதன் கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அளவிலும் கவனம் வேண்டும். 61 விசைகள் கொண்ட சிறு பலகையில் தமிழ்99 எழுத்துகள் அனைத்தும் உண்டு. ஆனால் அம்பு விசைகள் தனியாக இல்லை. கட்டுரையைத் திருத்தி எழுதுபவருக்கு இது பெரும் தொல்லை. அம்பு விசைகளுடன் வரும் 65, 75 விழுக்காட்டு அளவுகளே பொருத்தம். அதைவிடச் சுருக்கிய 40 விழுக்காட்டுப் பலகைகளில் நிறுத்தக்குறி விசைகள் சில மறைந்துவிடும். ச, ஞ போன்றவை வேறோர் அடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். தமிழுக்கு அவை உதவா.

தட்டச்சுத் தேர்வுக்குப் படிப்போர்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணிக்குக் குறிவைக்கும் மாணவர்கள் பலர் இப்பலகைகளை விசாரிப்பதுண்டு. அப்பணிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் தட்டச்சுச் சான்றிதழ் தேவை. ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள். காலங்காலமாகத் தட்டச்சுப் பொறியிலேயே நடந்துவந்த தேர்வு அது. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் எழுத்து வரிசையும் தமிழ்99இலிருந்து வேறுபட்டது. ஆகவே 4,000 ரூபாய்ப் பலகை பயிலகக் கட்டணத்துக்கு மாற்றாகாது. இரண்டில் ஒன்றுக்கே பணம் இருக்குமானால் பயிலகத்துக்குச் செலுத்துவதே முறை. நாள்தோறும் பல பக்கம் தமிழ்99இல் எழுதுவோர், மெய்ப்புத் திருத்துவோர், அச்சுக்கோப்பு வேலை செய்வோர் ஆகியோருக்கு அந்த 4,000 ரூபாய் தகும்.

வாங்குமுன் பலகையின் துளைகள் எந்தச் சுவிட்சை ஏற்கும் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சில மலிவுப் பலகைகளில் அவுட்டெமு சுவிட்சின் மெல்லிய கால்கள் மட்டுமே நுழையும். கேட்டரான் போன்றவற்றை அழுத்திச் செருகினால் கால் வளைந்துவிடும். மூன்று கால் துளைகள் மட்டும் உள்ள பலகையில் ஐந்து கால் சுவிட்சைப் பொருத்த, கூடுதலாக உள்ள இரு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிட்டால் போதும்.