கேள்வியின் முன் ஒரு குருவானவர்

சமயவாதியும் நாஸ்திகனும் எதிர்ப்படும் நூல்கள் பலவற்றில் உரையாடல் நிகழ்வதில்லை; வழக்காடலே நிகழ்கின்றது. ஒருவர் வெல்லவேண்டும் என்பதற்காக மற்றவர் மூடராக்கப்படுகின்றார். அல்பேர் காமு 1947இல் வெளியிட்ட ‘கொள்ளை நோய்’ என்னும் நாவலில் இக்குறை இல்லை. காமு கடவுள் நம்பிக்கையற்றவர். எனினும் தம் நாவலிற் குருவானவரைக் கேலிச்சித்திரமாக்கவில்லை.

அல்ஜீரியாவின் ஒரான் நகரைக் கொள்ளை நோய் பற்றுகின்றது. இயேசு சபைக் குருவான பனலூ தேவாலயத்திலே பிரசங்கிக்கின்றார்: நோய் இறைவன் அனுப்பியது; நீங்கள் அதற்கு உரியவர்களே. இவ்விடை எளிது. அதைச் சொன்னவர் நோயாளியின் கட்டிலருகே அதுவரை நின்றதில்லை.

பின்னர் நீதவானின் சிறு மகன் நோயுறுகின்றான். புதிய மருந்து அவன் போராட்டத்தை நீடித்ததேயன்றி உயிரைக் காக்கவில்லை. பனலூவும் வைத்தியர் ரியூவும் அம்மரணத்தை இறுதிவரை பார்த்து நிற்கின்றனர். இக்குழந்தை செய்த குற்றம் யாது என்று வைத்தியர் சீறுகின்றார். விளங்காததையும் நேசிக்க வேண்டும் போலும் என்கின்றார் குருவானவர். குழந்தைகள் வதைபடும் படைப்பை நேசிக்கச் சாகும்வரை மறுப்பேன் என்பது வைத்தியரின் விடை. ஆயினும் இருவரும் பிரியவில்லை. நோயை எதிர்க்கும் பணியில் தோழராகவே நிற்கின்றனர்.

பனலூவின் இரண்டாவது பிரசங்கத்தில் ‘நீங்கள்’ என்ற சொல் மறைந்து ‘நாம்’ வருகின்றது. இந்த ஒரு சொல் மாற்றமே நாவலின் பெரும் சாதனை. குழந்தையின் வேதனைக்கு மோட்ச இன்பம் ஈடாகும் என்று சொல்வது அவருக்கு எளிது. அதை அவர் சொல்ல மறுக்கின்றார். ஆனால், எல்லாவற்றையும் ஏற்பது அல்லது எல்லாவற்றையும் மறுப்பது என்ற முடிவுக்கே ஈற்றில் வருகின்றார். தாம் நோயுற்றபோது வைத்தியரை அழைக்கவும் முதலில் இணங்கவில்லை. அவரது நேர்மை பெரிது. அது சென்றடைந்த இடம் துயரமானது.

காமுவிடமும் நாம் கேட்கவேண்டியது உண்டு. குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட ஒரானில் வாழ்ந்த அராபியர் இந்நாவலில் ஏறக்குறைய ஊமைகள். நோய் எங்கிருந்தோ வந்து எங்கோ மறைகின்றது. ஆனால் உலகில் குழந்தைகள் பலர் சாவது பசியாலும் மருந்தின்மையாலுமே. அங்கே கேள்வி கடவுளை நோக்கி மட்டும் எழுவதன்று. நிலத்தையும் களஞ்சியத்தையும் கையில் வைத்திருப்போரை நோக்கியும் எழவேண்டும். அதனை இந்நாவல் எழுப்பவில்லை.

போருக்குப் பின் டொமினிக்கன் துறவியர் காமுவைத் தம் மடத்திற் பேச அழைத்தனர். கிறிஸ்தவ உண்மை பொய்யென்று தாம் வாதிக்கவில்லை; அதனுள் தம்மாற் புகமுடியவில்லை என்றார். அவர்கள் தம் விசுவாசத்தைக் கைவிடவேண்டும் எனக் கேட்கவில்லை. அநீதியை ஐயத்துக்கிடமின்றிக் கண்டிக்கவேண்டும் என்றே கேட்டார்.

விசுவாசியுடன் வாதிக்கும் நம்மவரும் இதனைக் கருதவேண்டும். கடவுளை மறுத்துவிட்டதால் மட்டும் குழந்தையின் மரணத்துக்கு நாம் பதில் கூறியவராக மாட்டோம். அக்கட்டிலருகே யார் நின்றார், என்ன செய்தார் என்ற கேள்வி இரு சாராருக்கும் பொதுவானது.