மாத்தளை மலையில் பிராடோ

புதிய 250 பிராடோவின் அகலம் 1,980 மில்லிமீற்றர். இரத்தோட்டையில் தொடங்கி ரிவர்ஸ்டன் ஏறி இலுக்கும்புறைக்கு இறங்கும் பாதையில், வளைவில் பஸ் ஒன்று எதிர்ப்பட்டால் வேறெந்த எண்ணும் பொருட்டில்லை. 2009 முதல் 2023 வரை வந்த 150 பிராடோ 1,885 தான். கூடிய ஒன்பதரை சென்டிமீற்றர் கொழும்பில் ஒரு பொருட்டல்ல. இங்கே பின்னுக்கு எடுக்கப்போவது யார் என்பதை அதுவே முடிவு செய்கிறது. திரும்பும் ஆரையும் 5.8 மீற்றரிலிருந்து 6 ஆகிவிட்டது.

எஞ்சினைக் குறை சொல்ல வழியில்லை. 2.8 லீற்றர் டீசல், 500 நியூட்டன் மீற்றர் இழுவை, எட்டு கியர் ஒட்டோ. ஆறு கியர் 150ஐ விட ஏற்றத்தில் நிதானமாக ஏறும். முன் இருக்கைக்காரரைக் கேட்டால் 250க்குத்தான் வாக்கு.

கடைசி வரிசையில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. பின் சில்லுகளைச் சேர்க்கும் ஒற்றை அச்சு மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அதனால் தளம் உயர்ந்து, உட்கார்ந்தவரின் முழங்கால் நெஞ்சை நோக்கி எழும்பும். வளைவுகளின் ஆட்டம் முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும். வாந்தி வரும் பிள்ளைகளையும் நாம் அங்கேதான் ஏற்றுகிறோம்! லெக்ஸஸ் ஜி.எக்ஸ். 550க்கும் இதே வகை அடிச்சட்டம், இதே அச்சு. தோல் இருக்கையால் அது மாறாது.

மாசி மகத் தேருக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்குக் குடும்பமாக வருபவர்களுக்கு ஒரு கே.டி.எச். வேன் போதும். அதன் ஒடுங்கிய உடல் 1,695 மில்லிமீற்றர்தான். கடைசி வரிசையில் பெரியவர்களும் கால் தொங்கவிட்டு இருக்கலாம். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தபோது, எஞ்சின் கொள்ளளவுக்கு ஒரு வரி, விலை உயர்ந்ததற்கு ஆடம்பர வரி, அதற்கு மேல் 18 வீத வற் என்று அடுக்கினார்கள். ஏழு இருக்கைக்காகப் புதிய பிராடோ ஒன்றுக்கு இத்தனையும் கட்டுவது வீண்.

என் தீர்ப்பு: எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்துக் கல் ரோட்டில் அடிக்கடி ஏறி இறங்குபவர், கடைசி வரிசையை மடித்து மிளகு மூட்டை ஏற்றுபவர், பாவித்த 150ஐ வாங்கலாம். தம்புள்ளை, கண்டி என்று ஏ9 வீதியிலேயே ஓடுபவருக்கு 250 சொகுசுதான், பணம் இருந்தால். ஏழு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டும் வேண்டாம், வேன் எடுங்கள். 150 என்று முடிவெடுத்தால் 2015க்குப் பிந்திய 2.8 டீசலைத் தேடுங்கள். புகை வடிகட்டி இருந்தால் அதைச் சோதிக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள், குறுகிய ஓட்டங்களில் அது கரி பிடித்து அடைபடும்.