மர்ஜானா: கதையிலும் திரையிலும்

நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊர்களில், இஷாத் தொழுகைக்குப் பின் மூதாட்டிகள் சொல்லிய கதைகளுள் அலிபாபா கதையும் ஒன்று. அக்கதை நம் நெஞ்சில் நின்றதற்குக் குகையும் பொற்குவியலும் மட்டும் காரணமல்ல; மர்ஜானா என்னும் அடிமைப் பெண்ணே முதற்காரணம். மர்ஜான் என்பது பவளத்தைக் குறிக்கும் அறபுச் சொல். திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்துக் கூறப்படுவது.

கதையில் அவள் செய்தவை யாவை? கொள்ளையன் வாசலில் இட்ட குறியை அண்டை வீடுகளிலும் இட்டுக் குழப்பினாள். எண்ணெய்ச் சாடிகளுள் ஒளிந்திருந்தோரைக் கொதிக்கும் எண்ணெயால் அழித்தாள். விருந்தினனாக வந்த தலைவனைக் கத்தி நடனத்தினிடையே வீழ்த்தினாள். அவள் பெற்ற விடுதலையும், அலிபாபாவின் மகனுக்கு மனைவியான சிறப்பும் அறிவாலும் உறுதியாலும் அவளே ஈட்டியவை. அடிமையை உரிமைவிடுதலைப் பெரும் நன்மையாகக் கருதும் நமக்கு இது சிறு செய்தியன்று.

1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் இயக்கத்தில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வெளியிட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுவே. வளர்ந்த மகனுக்குத் தந்தையான அலிபாபா அதில் எம்.ஜி.ஆர். ஏற்ற இளங்காதலன் ஆனார்; மர்ஜானா, பி. பானுமதி நடித்த நடனக்காரி மர்ஜியானா ஆனாள். கொள்ளையர் தலைவனோடு மோதும் பொறுப்பும் நாயகனைச் சேர்ந்தது. காப்பாற்றியவள் காப்பாற்றப்பட வேண்டியவளானாள்.

மாற்றமே குற்றம் என்று நாம் கூறவில்லை. இக்கதைக்குப் பழைய அறபுக் கையெழுத்துப்படி எதுவும் கிடைக்கவில்லை. அலெப்போவைச் சேர்ந்த கிறிஸ்தவரான ஹன்னா தியாப் 1709-இல் பாரிஸில் வாய்மொழியாகச் சொன்னதை, பிரெஞ்சு அறிஞர் கலான் விரித்தெழுதினார்; அது 1717-இல் வெளிவந்தது. கைமாறி வளர்ந்த கதையைத் திரையும் தன் பங்குக்கு மாற்றலாம். முஸ்லிம் பெயர் தாங்கிய மாந்தரை எல்லாச் சமயத்தாரும் விரும்பிக் காணச் செய்தது அப்படம். பானுமதியின் மிடுக்கும் அப்பாத்திரத்தை வெறும் அலங்காரப் பொம்மையாக விட்டுவிடவில்லை.

எனினும் ஒரு பாத்திரத்தின் உடை, வயது, உறவு ஆகியவற்றை மாற்றுவது வேறு; அதன் உயிர்நிலையைப் பறிப்பது வேறு. மர்ஜானாவின் உயிர்நிலை அவளது மதிநுட்பம். அதைக் காதலுக்குப் பின்னே தள்ளியபோது, நம் வீட்டுச் சிறுமியர் தமக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க ஒருத்தி திரையில் மங்கிப்போனாள்.

இது பழங்கதையைப் பற்றிய கவலை மட்டுமன்று. தேங்காய்ப்பட்டினத்து தோப்பில் முஹம்மது மீரான் 1988-இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைத் தந்தார். அத்தகைய நாவல்களின் பெண்கள் திரைக்கு வருங்கால், அவர்கள் எத்துணை அழகாகத் தோன்றுகின்றனர் என்பதன்று நாம் கேட்க வேண்டியது. கதையில் அவர்கள் செய்ததைத் திரையிலும் அவர்களே செய்கின்றனரா என்பதே கேள்வி.