அரைப் பாகை

வேப்பஞ்சட்டத்தின் நாலாவது மூலை வாய் பிளந்து நின்றபோதுதான் இந்த வாளைச் சந்தேகப்பட்டேன். பலகையைப் புரட்டிப் புரட்டி, வாளை ஒரே பக்க 45இல் வைத்தே எட்டு வெட்டும் வெட்டியிருந்தேன். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிசகு. எட்டும் சேர நாலு பாகை, 70 மி.மீ அகலச் சட்டத்தில் கிட்டத்தட்ட 7 மி.மீ நீக்கல். இடம் ஒன்று வலம் ஒன்றாக வெட்டியிருந்தால் ஒரு பிசகை மற்றது விழுங்கி, எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

10 அங்குல மைட்டர் வாள். புளியங்கூடலில் பழைய வீடொன்றின் யன்னல்களைத் திருத்துகிற வேலையில் இரண்டு மாதமாக என்னோடு இருக்கிறது. வலுவில் குறையில்லை, வைரமேறிய பனஞ்சிலாகையையும் தயங்காமல் அறுக்கும். ஆனால் பண்ணைப் பாலம் கடந்து வேலணையால் முச்சக்கரவண்டியில் குலுங்கி வந்த பெட்டியைத் திறந்ததும், பார்க்காமல் வெட்டத் தொடங்கியது என் பிழை.

பார்க்கும்போது, பாகை காட்டும் குறிமுள்ளை நம்பவேண்டாம். விளிம்பு இரண்டும் சமாந்தரமான பலகையை 90இல் வெட்டுங்கள். ஒரு துண்டை மட்டும் குப்புறப் புரட்டி, இரண்டையும் பலகை சாயும் பின்தகட்டோடு அணைத்து, வெட்டுமுகங்களைச் சேருங்கள். தெரிகிற நீக்கல் பிசகின் இரண்டு மடங்கு. அதனால் மயிரிழையும் கண்ணில் படும்.

பிசகைத் திருத்த நான் அலன் கீயை எடுக்க, பக்கத்து வீட்டுத் தச்சர் மதிலுக்கு மேலால் கேட்டார்: “பிளக்கைக் கழட்டினனியோ தம்பி?” கழற்றியிருக்கவில்லை. சுவிட்சை நிறுத்தியது போதும் என்று நினைத்திருந்தேன். அலகுக்கருகில் கை போகிற வேலையில் அது போதாது.

பிளக்கைக் கழற்றி, வாளின் கையைத் தாழ்த்திப் பூட்டி, பின்தகட்டுக்கும் அலகுக்கும் நடுவில் மூலைமட்டத்தை வைத்தேன். மட்டம் பல்லில் முட்டக்கூடாது. பல்லின் நுனி அலகின் தகட்டைவிடத் தடிப்பு, முட்டினால் அளவு பொய். இரண்டு பல்லுக்கிடையே வெறுந்தகட்டில் படியவேண்டும். பின்தகட்டின் திருகுகளைத் தளர்த்தி, அதை மெல்லத் தட்டி, மாறி மாறி இறுக்கினேன். இறுக்கும்போது பின்தகடு திரும்ப நகர்ந்தது! மூன்றாம் முறைதான் நின்றது. பிறகே அலகு மேசைக்குச் செங்குத்தா என்று பார்த்து, கடைசியாகக் குறிமுள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன்.

இந்த வாளில் எனக்குப் பிடிக்காதது அந்தத் திருகுகள்தான். உப்புக்காற்றில் ஆறு கிழமைக்குள் தலையில் துரு. வேலை முடிய எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் அடுத்தமுறை அலன் கீ வழுக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பல்லை மூடுகிற காப்பு மூடியைக் கம்பியால் கட்டிவைத்து வெட்டுவோரைப் பார்த்திருக்கிறேன். வெட்டுக்கோடு தெரியவில்லையாம். பிளக்கைக் கழற்றிவிட்டு அலகைத் தாழ்த்திப் பார்த்தால் கோடு தெரியும். தயவுசெய்து அந்தக் கம்பியை அவிழ்த்துவிடுங்கள். கட்டைத் துண்டைக் கையால் பிடிக்காமல் கவ்வியால் இறுக்குங்கள், அலகு முழுதாக நின்றபிறகே வாளின் கையை உயர்த்துங்கள்.

நேற்று இரண்டாவது சட்டத்தைப் பூட்டினேன். நாலாவது மூலையில் கடதாசி நுழையவில்லை. பிளந்த சட்டத்தை ஒரு விரற்கடை குறுக்கித் திரும்ப வெட்டி, குசினியின் சின்ன யன்னலுக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.